தீரவில்லை என்று எழுதிய நன்றிக் கல்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. வழக்கமாக இது தலைகீழாகத்தான் இருக்கும். இங்கே இப்படி.

குரு, கஸ்பார் சாமி. செம்மணல் மேடுகளாகக் கிடக்கிற தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற செம்மணல்விளை அந்தோணியார் கோயிலுக்குப் பங்குச் சாமியாராக வந்தவர். அதிகம் பேச மாட்டார். பிரசங்கமே நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனாலேயே சில பேருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சில பேருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சீடர், ரெமிஜியுஸ். முன்பு கோர்ட்டில் டவாலி. சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று சாட்சிகளின் பெயரைக் கூவி அழைக்கிற வேலை. அவர் மனைவி பெர்பெத்தாளுக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். உடனே ரெமிஜியுஸ் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் ஆகப்போகிறேன் என்று கோயிலுக்கு வந்துவிட்டார். கஸ்பார் சாமிதான் அவருக்கு ஞானோபதேசம் படிப்பித்தார்.

அந்தக் கோயிலில் ஒரு சுவர் உண்டு. வாசலில் ஆரம்பித்துப் பின்பக்கம்வரை போகும். அந்தோணியாரிடம் கேட்டது கிடைத்தவர்கள், ஒரு மார்பிள் துண்டில் கிடைத்ததையும் தங்கள் பெயரையும் எழுதி அதில் பதித்துவிட்டுப் போவார்கள். நன்றிக் கல் என்று பெயர். குழந்தை கிடைத்தது. வேலை கிடைத்தது. காணாமல் போன மகன் திரும்பி வந்தான். சுவர் முழுக்க நன்றி.

ரெமிஜியுஸின் கல்லும் அங்கே இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில்.

யார் வந்தாலும் அவர்களைச் சுவரோரமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கல்லாக வாசிப்பார். கோர்ட் குரல். தேரிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவனுக்கும் கேட்கும். கடைசியில் தன் கல்லுக்கு முன்னால் வந்து நிற்பார்.

"இது என் பொஞ்சாதி. உயிரோட இருக்கா. வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஒரு விஷயம் அவராகக் கண்டுபிடித்தது. பெர்பெத்தாளின் ஆபரேஷனுக்கு முன்பே அவர் கல்லைச் செதுக்கி வாங்கி வைத்துவிட்டார். கிடைக்கும் முன்பே நன்றி. பிழைத்தாள். அதிலிருந்து, பெரிய கஷ்டத்தோடு வருகிற எல்லாரிடமும் அதையே சொல்வார்.

"முதல்ல கல்லைச் செதுக்குங்க. கிடைக்கும்னு நிஜமா நம்புதவன் நன்றியை முன்னாடியே சொல்லிருவான்."

நிறைய பேர் செதுக்கினார்கள். சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்டது கிடைத்தவர்கள் திரும்பக் கொண்டு வந்து பதித்தார்கள்.

ஒரு நாள் ரெமிஜியுஸ் குருவிடம் கேட்டார்.

"சாமி, பிரசங்கத்துல ஒரு தடவை கூட நீங்க இந்தச் சுவத்தைப் பத்திச் சொல்ல மாட்டேங்கீங்களே. கடவுள் இருக்கார்ங்கதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

சாமி பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சொல்லுதீங்களே."

"நான் சொல்லுதது வேற. நீங்க குரு."

"உங்க குரல் எனக்கு இல்ல, உபதேசியாரே."

இது பாராட்டா கிண்டலா என்று ரெமிஜியுஸுக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கான நவநாள் ஜெபம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், ஜெனோவா வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவள். புருஷன் இல்லை. கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. பையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள்.

ரெமிஜியுஸ் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவளுடைய ஒரே மகள் பெனிட்டா, இரத்தப் புற்றில் இறந்துபோனது அவருக்குத் தெரியும். அடக்கத்துக்கு அவர் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார். காய்ச்சல் எல்லாம் இல்லை.

"வாம்மா. சாமியைப் பாக்கணுமா?"

"உங்களையும்தான்."

சாமியார் பங்களாவில் மேசைமேல் பையை வைத்து, உள்ளே இருந்த கல்லை எடுத்துப் போட்டாள். சாமியின் டீ தம்ளர் குலுங்கியது.

வெள்ளை மார்பிள். அதில் இப்படி இருந்தது: என் மகள் பெனிட்டாவின் நோயைத் தீர்த்து உயிர் தந்த புனித அந்தோணியாருக்கு நன்றி. இப்படிக்கு, ஜெனோவா.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி, கொஞ்சம் சின்ன எழுத்தில்: தீரவில்லை. பெனிட்டா இறந்துவிட்டாள்.

ரெமிஜியுஸ்தான் ஆரம்பித்தார்.

"இந்த வரியை யாரும்மா செதுக்கினது?"

"முதல் வரியைச் செதுக்கினவர்தான். மாட்டேன்னார். கடை வாசல்ல உக்காந்துட்டேன். செஞ்சு குடுத்துட்டார்."

சாமி கேட்டார். "நாங்க என்ன செய்யணும்?"

"சுவத்துல பதிக்கணும்."

"அது நன்றிக் கல் பதிக்கிற சுவரும்மா," என்றார் ரெமிஜியுஸ்.

"இதுலயும் நன்றின்னு இருக்கே. நீங்க சொல்லித்தானே எழுதினேன்?"

"அது வந்து... நீ துக்கத்துல பேசுத. கல்லை இங்கன வச்சிட்டுப் போ. நான் யாரும் மிதிக்காத இடமாப் பாத்துப் புதைச்சிருதேன்."

"பிள்ளையத்தான் புதைச்சாச்சே. இதையுமா?"

ரெமிஜியுஸ் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"இல்லம்மா. நம்ம விசுவாசத்துல எங்கயாவது ஒரு சின்னக் குறை இருந்தாக்கூட..."

ஜெனோவா அவர் பக்கமாக முழுசாகத் திரும்பினாள்.

"அண்ணே, என் பிள்ள சாகுத அன்னைக்குக் காலையிலகூட இந்தக் கல்லைத் தூசி தட்டி வச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊருக்குத் திரும்பினதும் நேரா கோயிலுக்குப் போயிரலாம்னு. குறையை எங்கன தேடச் சொல்லுதீங்க?"

ரெமிஜியுஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அவள் சாமியைப் பார்த்தாள். "நீங்களும்தான் சாமி. நீங்கதான் மந்திரிச்சுக் குடுத்தீங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிக்கல," என்றார் சாமி.

ரெமிஜியுஸ் திகைத்துப்போனார். குரு இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று அவர் நினைக்கவில்லை.

"மேசையில நிறைய கல்லு அடுக்கியிருந்துச்சு. மொத்தமாத் தீர்த்தம் தெளிச்சேன். படிச்சிருக்கணும்."

ஜெனோவாவின் கோபத்துக்கு அது தோதாக இல்லை. கொஞ்சம் தடுமாறினாள். அப்புறம் சொன்னாள்.

"எனக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எங்க தெருவுலயே இன்னொரு வீட்டுல இப்படி ஒரு கல்லு கெடக்கு. எழுத்தைக் கீழ்ப்பக்கமாத் திருப்பிப் போட்டு அதுமேல மீன் ஆயுதாங்க. என்ன கல்லுன்னு கேட்டா சும்மா கல்லுங்காங்க. இங்க கொண்டு வர வெக்கம். நம்பத் தெரியாதவங்கன்னு நீங்க சொல்லிருவீங்கன்னு."

சாமி ரெமிஜியுஸைப் பார்த்தார். ரெமிஜியுஸ் கல்லைப் பார்த்தார்.

"ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டாம்," என்றாள் ஜெனோவா. "எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு. மோட்சத்துல சம்மனசுகளோட இருக்காளாம். அவருக்குப் பிடிச்ச பூவைச் சீக்கிரம் பறிச்சிக்கிட்டாராம். என்னால கேக்க முடியல. என் பிள்ளைக்காக இங்க வந்து கேட்டேன். நடக்கல. அது சுவத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

"உபதேசியாரே, சுவத்துல ஒரு இடம் பாருங்க," என்றார் சாமி.

அவள் போன பிறகு ரெமிஜியுஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

"சாமி, இது வேண்டாம்."

"ஏன்?"

"ஜனங்களுக்கு நம்பிக்கை போயிரும்."

"ஒரு கல்லைப் படிச்சா போயிருமா?"

"போகும் சாமி. ஒரு கல்லைப் படிச்சுத்தானே வருது."

"நீங்க சொல்லுதது சரிதான்," என்றார் சாமி.

ரெமிஜியுஸ் சந்தோஷப்பட ஆரம்பித்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"நீங்க கோர்ட்ல எந்தப் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார் சாமி.

"ரெண்டு பக்கமும்தான். கூப்பிடலேன்னா ஜட்ஜ் ஐயா என்னைக் கூப்பிட்டிருவார்."

"எதிர்த்தரப்புச் சாட்சி வந்தப்போ உள்ள விட மாட்டேன்னு வாசலை மறிச்சதுண்டா?"

"சேச்சே. அது குத்தம்."

சாமி டீயைக் குடித்தார்.

"இது கோர்ட் இல்ல சாமி. கோயில்."

"ஆதாரம், சாட்சின்னு ஆரம்பிச்சது நான் இல்லியே."

ரெமிஜியுஸுக்கு எரிச்சல் வந்தது. குரு என்றாலும், தன்னைவிடச் சின்னப் பையன்.

"உங்களுக்குச் சந்தேகமே வராதா?"

"வரும்."

"எப்போ?"

"பூசையில, இது ஆண்டவரோட உடம்புன்னு அப்பத்தைத் தூக்கும்போது."

ரெமிஜியுஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயோ சாமி. அப்ப என்ன செய்வீங்க?"

"தூக்குவேன்."

ரெமிஜியுஸ் இடம் பார்த்தார். பின்பக்கம், சப்பரம் தூக்குகிற கம்புகளைச் சாத்தி வைக்கிற மூலையில். அங்கே வெளிச்சம் வராது. வெளவால் வரும்.

"இடம் பாத்துட்டேன் சாமி."

குரு வந்து பார்த்தார். ஒரு கம்பை நகர்த்தினார். ஒரு பல்லி ஓடியது.

"உங்க கல்லு எங்க இருக்கு?"

"வாசல் பக்கம்."

குரு கம்பைப் பழையபடி சாத்திவிட்டுப் போய்விட்டார்.

இதற்குள் விஷயம் கோயில் கமிட்டிக்குப் போய்விட்டது. தலைவர் சில்வேரா வந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர். உட்காராமலே பேசினார்.

"சாமி, திருவிழாக் கொடியேற்றம் வருது. நாலா பக்கமும் இருந்து வேன் வேனா ஜனம் வரும். இந்த நேரத்துல, கோடி அற்புதர் அந்தோணியார் கோயில்ல அற்புதம் நடக்கலன்னு நாமளே எழுதி ஒட்டுததா? பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்."

"நடக்கலன்னு எழுதல. அந்தப் பிள்ளைக்குத் தீரலன்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்களுக்கு ஒண்ணுன்னா ஒரு வழி இருக்கு. சுவத்துல இருக்க எல்லாக் கல்லையும் எடுத்திருவோம். வெள்ளையடிச்சு விட்டிருவோம். பிரச்சனையே இல்ல."

சில்வேராவின் கல் அந்தச் சுவரில் இருப்பதிலேயே பெரியது. அவருடைய போட்டோவும் அதில் உண்டு.

"சரி, ஒரு ஓரமா வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓரமாக வைக்கலாம் என்று தலைவரே சொல்லிவிட்டார். ரெமிஜியுஸுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வீட்டுக்குப் போனார். பெர்பெத்தாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கீரையை விட்டுக் கையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தக் கல்லைப் பதிச்சா உங்களுக்கு என்ன?"

"என்ன இப்படிக் கேக்க? அவளும் முன்னாடியே கல்லு செதுக்கினா, நானும் செதுக்கினேன். அவளும் செவ்வாய் தவறாம வந்தா, நானும் வந்தேன். அவ பிள்ளை போயிட்டு. நீ இருக்க. ரெண்டு கல்லையும் பக்கத்துல பக்கத்துல படிக்கிறவன் என்ன நினைப்பான்? உன்னைக் காப்பாத்தினது அந்தோணியார் இல்ல, டாக்டருன்னு நினைப்பான். இல்லேன்னா சும்மா அதிர்ஷ்டம்னு நினைப்பான்."

"நினைச்சிட்டுப் போறான்."

"அப்ப நான் இவ்வளவு நாளா ஊரைக் கூட்டிச் சொன்னது?"

பெர்பெத்தாள் இப்போது நிமிர்ந்தாள்.

"நான் உயிரோட இருக்கேன்ல? அது போதாதா உங்களுக்கு? ஊருக்கு நிரூபிக்க வேற செய்யணுமா? ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுல இருந்து என்னை எத்தனை பேருக்குக் காட்டிட்டீங்க. கண்காட்சி மாதிரி. ஒரு நாளாவது வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"வலிக்குதா?"

"கையைத் தூக்கினா வலிக்கும்."

அவருக்கு அது தெரியாது. உண்மையிலேயே தெரியாது.

அவள் கீரைக்குத் திரும்பினாள். "அந்தப் பிள்ள அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல்னு நான்தான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையில் ரெமிஜியுஸ் ஒரு சட்டியில் சிமெண்ட் குழைத்தார். வாசல் பக்கம் அவர் கல்லுக்கு அடுத்ததாக, நவநாள் நேரம் எழுதின தகரப் பலகை ஆணியில் தொங்கியது. பலகையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டினார். காலி இடத்தில் சுண்ணாம்பைக் கொத்தினார். கொத்தின இடத்தில் தண்ணீர் அடித்தார். கொத்தனார் வேலை அவருக்குப் பழக்கமில்லை. சட்டையெல்லாம் சிமெண்ட்.

ஜெனோவா வந்து நின்றாள். யார் சொல்லி வந்தாளோ. குரு சொல்லியிருக்கலாம்.

அவர் கல்லைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

"சாஞ்சிருக்கு," என்றாள்.

இடது பக்கம் கொஞ்சம் தூக்கினார்.

"இன்னும்."

தூக்கினார்.

"ரொம்பத் தூக்கிட்டீங்க."

இறக்கினார். சிமெண்ட் வழிந்து முழங்கை வரை வந்தது.

"இப்ப சரி," என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பெனிட்டா என்ற பெயரில் சிமெண்ட் தெறித்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். போய்விட்டாள்.

கொடியேற்றம் வந்தது. வேன்கள் வந்தன. ஜனங்கள் சுவரைப் படித்தார்கள். முதலில் ரெமிஜியுஸின் கல். அடுத்து ஜெனோவாவின் கல். சிலர் மறுபடியும் முதல் கல்லுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். ஒரு அம்மா, இதெல்லாமா கோயில்ல வைப்பாங்க என்று சத்தம் போட்டாள். ஒரு ஆள் அந்தக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அவன் யார், எதற்கு வந்தான், யாருக்கும் தெரியாது. எதுவும் கேட்காமல் போய்விட்டான்.

ஒருத்தர் ரெமிஜியுஸைப் பிடித்துக்கொண்டார்.

"உபதேசியார், ஏன் இப்படி எழுதியிருக்கு?"

"அப்படித்தான் நடந்துச்சு."

"அப்ப இது?" என்று அவருடைய கல்லைக் காட்டினார்.

"அதுவும் நடந்துச்சு."

"ரெண்டும் எப்படி?"

ரெமிஜியுஸ் வாயைத் திறந்தார். கோர்ட் குரல் வரவில்லை. மணி அடிக்கப் போகணும் என்று சொல்லி நழுவினார். அன்றைக்கு மணி அடிக்கிற முறை அவருடையது இல்லை.

அதன் பிறகு அவர் யாரையும் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கல்லை முன்னாடியே செதுக்கச் சொல்வதையும் விட்டுவிட்டார். கேட்டவர்களிடம், சாமியைக் கேளுங்க என்றார். சாமியோ, கிடைச்ச பிறகு செதுக்குங்க, கிடைக்காட்டாலும் வாங்க என்றார்.

ஜெனோவா வருவதை நிறுத்தவில்லை. செவ்வாய்தோறும் வந்தாள். பாட்டுப் பாட மாட்டாள். முழங்காலில் நிற்க மாட்டாள். எல்லாரும் போன பிறகு, கையில் குழந்தையோடு நிற்கிற அந்தோணியார் சுரூபத்துக்கு நேராக நின்று எதையோ பேசுவாள். பேசி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் இருக்கிறவரை ரெமிஜியுஸ் தூணுக்குப் பின்னால் விளக்குத் துடைப்பார். ஏற்கெனவே துடைத்த விளக்கையே துடைப்பார்.

ஒரு செவ்வாய், அவள் உள்ளே நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் பங்களாவுக்கு வந்துவிட்டார். குரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அந்தப் பொண்ணுக்கு விசுவாசம் போயிட்டு. அப்புறமும் ஏன் வருது?"

"போயிட்டுன்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்லல. கல்லுல எழுதியிருக்கே."

"கல்லுல தீரலன்னுதான் எழுதியிருக்கு."

ரெமிஜியுஸ் கீழே உட்கார்ந்தார்.

"அந்தோணியாரைத் திட்டுது சாமி. கேட்டேன். உனக்குக் காது இருக்கா, இல்ல கல்லுதானான்னு கேக்குது. கையில குழந்தையை வச்சுக்கிட்டு நிக்கியே, உனக்குத் தெரியாதான்னு கேக்குது."

"அவர் என்ன சொல்லுதார்?"

"யாரு?"

"அந்தோணியார்."

"என்ன சாமி கேக்கீங்க? ஒண்ணும் சொல்லல."

"போன வாரம்?"

"போன வாரமும் சொல்லல."

"அடுத்த வாரம் அவங்க வருவாங்களா?"

"வரும் சாமி. அது வரும்."

குரு ஊசியில் நூல் கோத்தார். ஒரு தடவையில் நுழையவில்லை. எச்சில் தொட்டு மறுபடி கோத்தார்.

ரெமிஜியுஸ் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"என்னால அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்க முடியல. அது கேட்டு வந்தது அந்தோணியார்கிட்ட. வாக்குக் குடுத்தது நான். பெனிட்டா பிழைப்பான்னு வாசல்ல நின்னு அடிச்சுச் சொன்னேன். அந்தப் பிள்ளையும் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. கல்லுல என் பேரைப் பெருசாப் போடச் சொல்லுங்கன்னு சிரிச்சுச்சு."

குரு தைப்பதை நிறுத்தினார்.

"அதுகிட்ட பேசணும் சாமி. என்ன பேசன்னுதான் தெரியல. நல்லதா ஒரு வார்த்தை சொல்லித் தாங்க."

"எங்கிட்ட இல்ல."

"வேதத்துல இருந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க. மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்."

"வேண்டாம்."

"பின்ன என்ன சொல்ல?" ரெமிஜியுஸின் குரல் உயர்ந்துவிட்டது. பழைய கோர்ட் குரல். "எனக்கு என்ன தெரியும் சொல்லுததுக்கு? என் பொஞ்சாதி ஏன் பிழைச்சா? தெரியாது. அவ பிள்ளை ஏன் செத்துச்சு? தெரியாது. அவர் காதுல விழுந்துச்சா, விழலியா? அதுவும் தெரியாது. ஒண்ணுமே தெரியாம, எல்லாம் தெரிஞ்ச மாதிரி அந்தப் பொண்ணைக் கல்லு செதுக்க வச்சேன். இதைத் தவிர எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல சாமி."

"அதைப் போய்ச் சொல்லுங்க."

ரெமிஜியுஸ் தரையைப் பார்த்தார். வெளியே கோயிலுக்குள் அவள் பேசுகிற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னா என்னைச் சும்மா விடுமா சாமி?"

"விட மாட்டாங்க," என்றார் குரு. "போங்க."